சங்குகுளிக்காரருக்குக் கட்டிய கடைவாய்ப் பல்

கடைவாய்ப் பல் விழுந்த இடத்தில் பாலம் கட்டுவது எப்படி என்று சொல்லித்தர நான் இங்கே வந்து உட்காரவில்லை. பல் மருத்துவம் படிக்கிற உங்களுக்கு அது என்னைவிட நன்றாகவே தெரியும். நான் மாவைக் குழைத்து வாயில் அமுக்கி, நோயாளி ஓங்கரிக்க ஓங்கரிக்க அச்செடுத்த காலத்துக்காரி. நீங்கள் கேமராவை உள்ளே விட்டுத் திரையில் பல்லைச் சுழற்றிப் பார்க்கிறவர்கள். நல்லது, நன்றாகப் பாருங்கள். நான் சொல்ல வந்தது வேறு. பாடத்தில் உள்ளபடி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, ஒரு மனிதரைக் கடலுக்கடியில் சாகக் கொடுக்கப் பார்த்தேனே, அந்தக் கதை.

இதைச் சொல்ல எனக்கு ஒன்றும் ஆசை இல்லை. ஓய்வு பெற்றவர்கள் தாங்கள் ஜெயித்த கதையைத்தான் சொல்வார்கள். என்னிடமும் அப்படி நாலைந்து இருக்கிறது. ஆனால் அந்தக் கதைகளைக் கேட்டு யாருக்கும் ஒரு பிரயோசனமும் இருந்ததாக நான் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் முதலில் ஞாபகப்படுத்திவிடுகிறேன். பாலம் என்றால், இல்லாத ஒரு பல்லுக்காக, அதன் இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல பல் இரண்டைச் சீவுகிறோம். சீவிய பல் திரும்ப வளராது. நாக்கு தவறினால் மன்னிப்புக் கேட்கலாம், கை தவறினால் வேறு அச்சு எடுக்கலாம், சீவிய பல்லுக்கு மட்டும் போக்கிடம் கிடையாது. அதனால் பல் சீவுகிற மெஷினைக் கையில் எடுக்கும் முன் ஆற அமர யோசிக்க வேண்டும். நான் யோசித்தேன். பல்லைப் பற்றி மட்டும் யோசித்தேன்.

தூத்துக்குடியில் என் கிளினிக்குக்கு மிக்கேல் வந்தபோது அவருக்கு நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கறுத்த, அகன்ற நெஞ்சுள்ள ஆள். சத்தமே இல்லாமல் பேசுவார். இடது பக்கம் கீழே, முதல் கடைவாய்ப் பல் இல்லை. சின்ன வயதில் எங்கோ பிடுங்கியது. இருபது வருஷமாக வலது பக்கமே மென்று மென்று இப்போது அந்தப் பக்கமும் வலிக்கத் தொடங்கியிருந்தது. “பல்லு கட்டணும் டாக்டரம்மா. கழட்டி மாட்டுறது நமக்கு ஒத்து வராது” என்றார். எலும்புக்குள் திருகாணி வைத்துக் கட்டும் வழியையும் சொன்னேன். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றதும் தலையை ஆட்டிவிட்டார். சரி, பாலம்தான் என்று முடிவானது.

நோயாளி அட்டையில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா? என் நர்ஸ் அதில் ‘கடல் தொழில்’ என்று எழுதியிருந்தாள். நான் படித்தேன். படித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். எங்கள் ஊரில் பத்து அட்டையை எடுத்தால் நாலில் அதுதான் எழுதியிருக்கும். வலை இழுக்கிறவர், போட் ஓட்டுகிறவர், ஐஸ் போடுகிறவர், எல்லாருக்கும் அதே இரண்டு சொல். நான் பிறந்தது ஸ்ரீவைகுண்டம். ஆற்றங்கரைக்காரி. பெருமாள் கையில் சங்கைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள், அந்தச் சங்கை யார் மூச்சடக்கி எடுத்து வருகிறார்கள் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

இரண்டு பக்கத்துப் பல்லையும் சீவினேன். பாலம் லேபிலிருந்து வரும்வரை சீவிய பல் திறந்து கிடக்கக்கூடாது என்பதற்காகத் தற்காலிகப் பாலம் ஒன்றைச் செய்து, எளிதில் கழலுகிற சிமெண்டில் ஒட்டினேன். அல்வா கூடாது, முறுக்கு கூடாது, மக்ரூன்கூட அந்தப் பக்கம் வைக்காதீர்கள் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டவர், நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்று ஒரு வார்த்தை கேட்டார். தாராளமாகப் போங்கள் என்றேன். கடலுக்குப் போவதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று என் நினைப்பு. கெட்டிக்காரி!

நான்காம் நாள். காலை பதினொரு மணி, வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். வரிசையில் நிற்காமல் இரண்டு பேர் நேராக உள்ளே வந்தார்கள். முன்னால் மிக்கேல், தலைமுடியில் உப்பு காய்ந்திருந்தது. பின்னால் அவரைவிட மூத்தவர் ஒருவர், வலது கையில் ஈரத் துண்டைச் சுற்றியிருந்தார். மிக்கேல் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, அவிழ்த்து, என் மேஜைமேல் வைத்தார். உள்ளே நான் ஒட்டிய தற்காலிகப் பாலம்.

நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். அவர் சங்குகுளிக்கிறவர். போட்டில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து காற்று டியூப் வழியாகக் கீழே வரும், டியூபின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கடலடியில் சங்கு தேடுவார். அன்றைக்கு எட்டுப் பாகம் ஆழத்தில் இருந்திருக்கிறார். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அளவு, ஆறடி. எட்டுப் பாகத்தில் என் பாலம் கழன்றுவிட்டது. வாய்க்குள் டியூப், டியூபுக்கும் நாக்குக்கும் நடுவில் பாலம். இருமினால் டியூப் போகும். மூச்சை உள்ளே இழுத்தால் பாலம் தொண்டைக்குப் போகும். அதை நாக்கால் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, மூச்சை இழுக்காமல், கயிற்றை இழுத்து அடையாளம் காட்டியிருக்கிறார். மேலே இருந்தவர் தூக்கியிருக்கிறார். வரும் வழியெல்லாம் மூக்கால் மூச்சை விட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அழுத்தத்தில் இருக்கிற காற்றை நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும் என்பது அவர்களுக்குப் பாலபாடம்.

சொல்லி முடித்துவிட்டு அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“நீங்க அம்புட்டு பாடுபட்டு வச்சது. நான் கெடுத்துப்புட்டேன், டாக்டரம்மா.”

பிழை என்னுடையது, வருத்தம் அவர் சொல்கிறார். அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. நான் செய்ததைக் கேளுங்கள். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும், இன்றைக்கும் அப்படித்தான். “முங்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா?” என்று சத்தம் போட்டேன். வெளியே பெஞ்சில் பேச்சு நின்றுவிட்டது. மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னால் நின்றவர்தான் பதில் சொன்னார். குரல் உயரவில்லை, முகத்திலும் கோபம் இல்லை.

“நீங்க கேக்கலியே, டாக்டரம்மா.”

அட்டை மேஜைமேலேயே இருந்தது. ‘கடல் தொழில்.’ நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று என் அப்பா என்னைக் கேலி செய்வார். அன்று அது கேலியாகத் தெரியவில்லை. சும்மா திரும்ப ஒட்டி அனுப்பிவிடலாம் என்றும் மனசு சொல்லத்தான் செய்தது, மறைக்கவில்லை. அவரே தன் தப்பு என்று சொல்லிவிட்டார், வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள், யார் கேட்கப்போகிறார்கள்? அந்த ஆசை கால் நிமிஷம் இருந்தது. பிறகு அந்த மூத்தவர் கையில் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தேன். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, கயிறு அறுத்தது என்றார். பிரித்துப் பார்த்தால் உள்ளங்கையின் குறுக்கே தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. எட்டுப் பாகத்திலிருந்து ஒரு முழு ஆளை ஒரே மூச்சில் தூக்கிய கை.

அவர் பெயர் அருளப்பன். மிக்கேலின் மனைவிக்கு அண்ணன். எங்கள் கடற்கரையில், முத்துக்குளித்த காலத்திலிருந்தே, கீழே போகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் தம்பிகூடக் கூடாது. பங்காளிக்கு ஒரு நிமிஷம் மனசு மாறலாம், தங்கச்சி தாலியைக் கையில் பிடித்திருக்கிறவனுக்கு மாறாது என்று கணக்கு. இப்போது கம்ப்ரசர் வந்துவிட்டது, ஆனாலும் டியூபோடு சேர்த்துக் கட்டிய கயிற்றின் மேல்முனையில் இன்னும் மச்சான்தான் நிற்கிறார்.

அவருடைய கையைக் கழுவி மருந்து போட்டேன். போட்டுக்கொண்டே, மிக்கேலைப் பார்க்காமல், தப்பு என்னுடையது என்றேன். கேட்டிருக்க வேண்டியது நான், கேட்காமல் விட்டதும் நான், உங்களைத் திட்டியது இன்னொரு தப்பு என்றேன். அட போங்கம்மா என்பதுபோல மிக்கேல் கையை ஆட்டினார். அருளப்பன் அப்படி விட்டுவிடவில்லை. தலையை ஒரு தடவை அசைத்து அதை வாங்கிக்கொண்டார். அந்தத் தலையசைப்பு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

நெஞ்சைப் பரிசோதிக்க மிக்கேலைப் பொது மருத்துவரிடம் அனுப்பினேன். பழுதில்லை என்று வந்தது. போன உயிர் எனக்குத் திரும்பியது. ஆனால் அதோடு தீருமா? யோசித்துப் பாருங்கள். பல் இல்லாத வெறும் இடைவெளியோடு இருபது வருஷம் ஒரு குறையும் இல்லாமல் கடலடிக்குப் போய் வந்தவர். இப்போது இரண்டு நல்ல பல்லைச் சீவி வைத்திருக்கிறேன். மூடாமல் விட முடியாது. மூடியது கீழே போய்க் கழன்றால் அவர் உயிர் போகும். கழலும் என்று பயந்து முங்காமல் இருந்தால் பிழைப்பு போகும். வந்தபோது இருந்ததைவிட மோசமான இடத்தில் அவரை நிறுத்தியிருந்தேன். கச்சான் என்கிற மேல்காற்று அடங்கிக் கடல் தெளிந்து, சங்கு நன்றாகக் கிடைக்கிற நாட்கள் வேறு. தற்காலிகப் பாலத்தைத் திரும்ப ஒட்டித் தருகிறேன், ஆனால் நிரந்தரப் பாலம் வரும்வரை முங்கக்கூடாது என்றேன். அவர் கரையில் இருந்தால் அருளப்பனும் கரையில்தான்.

அன்று மாலையே இருவரையும் திரும்ப வரச் சொன்னேன். டியூபையும் எடுத்து வரச் சொன்னேன். நோயாளிகள் எல்லாரும் போன பிறகு, தற்காலிகப் பாலத்தை ஒட்டும் முன், மிக்கேலை நாற்காலியில் உட்காரவைத்து, கடலில் கடிப்பதுபோலக் கடிக்கச் சொன்னேன். கடித்தார். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். டியூப் முனையின் ரப்பரை அவர் வைத்துக் கடித்த இடம், அந்தப் பல் இல்லாத இடம். இத்தனை வருஷமாக அந்த இடைவெளிக்குள் ரப்பரைச் செருகித்தான் பிடித்திருக்கிறார். எனக்குக் குறையாகத் தெரிந்தது அவருக்குக் கைப்பிடி. நான் அந்தக் கைப்பிடியை அடைத்து, அதன்மேல் பாடப்புத்தகத்தில் உள்ளபடி மேடும் பள்ளமுமாக ஒரு பல்லை வைத்து அனுப்பியிருக்கிறேன். ரப்பர் நிற்க இடமில்லாமல் மனிதர் முழு பலத்தையும் கொடுத்துக் கடித்திருக்கிறார். பாலம் கழலாமல் என்ன செய்யும்?

எனக்கு இரண்டு வழி தெரிந்தது. சீவிய பல் இரண்டுக்கும் தனித்தனியே உறை போட்டுவிட்டு நடுவில் இடைவெளியை அப்படியே விட்டுவிடுவது ஒன்று. கைப்பிடி திரும்பக் கிடைக்கும், மெல்லுவதற்குப் பல் கிடைக்காது. இல்லையென்றால் பாலமே கட்டுவது. எதில் ஆபத்து குறைவு, எதில் எனக்கே நிச்சயம் இல்லை என்று இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். முடிவு உங்களுடையது என்றேன். நாற்பது வயதுக்காரர் குழந்தைபோல மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

அருளப்பன் டியூபைக் கையில் எடுத்துக்கொண்டார். “மாப்ளக்கி பல்லு கட்டுங்க. ஒரு பக்கமாத் தின்னது போதும்” என்றார். பிறகு டியூபை என் பக்கம் நீட்டினார். “ஆனா இத வாயில வச்சுக்கிட்டு கட்டுங்க.”

பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றாத வழி. உடனே லேபுக்குப் போன் போட்டு, வேலையை நிறுத்தச் சொன்னேன். பல்லின் மேற்பரப்பு தட்டையாக வேண்டும், கொஞ்சம் தாழ்வாக வேண்டும், ரப்பர் உட்கார ஓர் இடம் வேண்டும் என்றேன். இப்படிச் செய்தால் பல் மாதிரியே இருக்காதே என்று லேப்காரர் குறைப்பட்டார். பல் மாதிரி வேண்டாம், மிக்கேலுக்கு ஏற்ற மாதிரி வேண்டும் என்றேன். என்ன சிமெண்ட், அதில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் ஒட்டுவது எப்படி, நீரின் அழுத்தத்தில் குமிழி என்ன செய்யும் என்பதை எல்லாம் அந்த வாரம் உட்கார்ந்து மறுபடி படித்தேன். அதை நீங்களும் படித்துக்கொள்வீர்கள்.

பாலம் வந்த அன்று கிளினிக்கில் நடந்ததை என் நர்ஸ் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். மிக்கேல் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், வாயில் டியூப். நான் பாலத்தை வைத்துப் பார்க்கிறேன், எடுக்கிறேன், தேய்க்கிறேன், வைக்கிறேன். நாற்காலிக்குப் பின்னால் அருளப்பன், ஆறாத கையில் கட்டோடு, டியூபின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. ஃபேனுக்குக் கீழே, தரையில், எதற்காகப் பிடிக்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு, பழக்கம் என்றார்.

நாலாம் தடவை தேய்த்த பிறகு மிக்கேல் கடித்துப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஒட்டினேன். அப்போது அருளப்பன் கேட்டார்:

“நிக்குமா டாக்டரம்மா?”

நிற்கும் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நாம் எல்லாரும் அப்படிச் சொல்லிப் பழகியவர்கள், சொன்னால் நோயாளிக்குத் தைரியம் வரும் என்று நமக்கு நாமே சாக்குச் சொல்லிக்கொள்வோம். ஆனால் கேட்டவர் கயிறு பிடிக்கிறவர். “நிக்கும்னு நம்புதேன். கீழ போய்ப் பாத்தாத்தான் தெரியும்” என்றேன். எனக்கே தெரியாமல் என் வாயில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. ஒரேயடியாக எட்டுப் பாகம் வேண்டாம், முதலில் இரண்டு, பிறகு நாலு, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்போம் என்றேன். அவர் முகம் தெளிந்தது. நிச்சயமாக நிற்கும் என்று நீங்கள் சொல்லியிருந்தால், அதை நம்பி மாப்பிள்ளையை இறக்கியிருக்க மாட்டேன் என்று பின்னால் ஒரு நாள் சொன்னார்.

அடுத்து வந்த ஒரு நல்ல நாளில், கிளினிக்கைப் பூட்டிவிட்டு நானும் போட்டில் ஏறினேன். என் கணவர் பைத்தியமா என்று கேட்டார். பாலம் என்னுடையது, நான் போகாமல் யார் போவது? கரை மறைவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். சங்கதி தெரிந்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

கயிற்றை நானும் கொஞ்சம் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். அருளப்பன் மறுத்துவிட்டார். மரியாதையாகத்தான், ஆனால் மறுத்துவிட்டார். “இது மச்சான்தாம் புடிக்கணும். நீங்க அங்கன இரிங்க” என்று எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். இருந்தேன். இரண்டு பாகத்துக்குப் போய் வந்தார் மிக்கேல். போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, டியூபை எடுத்துவிட்டு, என் பக்கம் வாயை ஆவென்று திறந்தார். விரலை விட்டு அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. நாலு பாகம். திரும்ப வந்தார், திரும்பத் திறந்தார். அசையவில்லை.

மூன்றாவது, எட்டுப் பாகம். பார்ப்பதற்கு வெறும் குமிழிகள்தான். நேரம் போனது. எனக்குத் தெரிந்த பாசுரங்களில் பாதி மறந்துவிட்டது, மீதியை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கம்ப்ரசர் ஆள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஒட்டிய அந்தச் சின்னப் பொருள் எட்டு ஆள் ஆழத்தில், இருட்டில், ஒரு மனிதர் பல்லுக்கும் உயிருக்கும் நடுவில் இருந்தது. அருளப்பன் தண்ணீரைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்தார். அவர் கையில் கட்டு சிவந்து நனைந்திருந்தது. தலையைத் திருப்பாமலே கூப்பிட்டார்.

“இங்கன வாங்க. எம் பொறத்தால நின்னு புடிங்க.”

தட்டுத் தடுமாறிப் போய் அவருக்குப் பின்னால் நின்று, அவர் கைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தேன். ஈரமாக, சொரசொரப்பாக இருந்தது. எனக்கு அது எதையும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு என் விரல்களில், மெதுவாக, ஒரே ஒரு இழுப்பு.

“நல்லாருக்கேன்னு மாப்ள சொல்லுதான்” என்றார் அருளப்பன்.

நான் அழுதேன். நின்ற இடத்திலேயே, கயிற்றை விடாமல், ஒரு வைத்தியர் நோயாளியின் வீட்டார் முன்னால் எப்படி அழக்கூடாதோ அப்படி அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கயிற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.